சேது கட்டும் காட்சி: ஜப்பானில் வரைந்த 'ராமாயணா'வும் நம் பிள்ளைகளின் 40 விநாடிப் படமும்

தேவிபட்டினம் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 20 பேர் சேர்ந்து கையால் வரைந்து ஒரு 40 விநாடிப் படம் செய்யப் போகிறார்கள். கதை, சேது கட்டும்போது மணல் சுமந்த அணில். முன்னோட்டமாக 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' படத்தில் வானரங்கள் பாலம் கட்டும் பகுதியைப் போட்டுக் காட்டலாம் என்று நினைக்கிறேன். அந்தப் படத்தை யார் செய்தார்கள், எதை எப்படி முடிவு செய்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் சரியான பதில் சொல்ல வேண்டும். ஆண்டு விஷயத்திலேயே குழப்பமாக இருக்கிறது. ஓர் இடத்தில் 1992, இன்னோர் இடத்தில் 1993, வேறோர் இடத்தில் 1997, போன வருடம் வந்த புதுப்படம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

வரைவதற்கு எத்தனை படம் தேவைப்படும், என்னென்ன வாங்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவி.

உச்சிப்புளி ரீல்

டீச்சர், நீங்கள் சொன்ன ஆண்டுகள் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. படம் முடிந்தது 1992. இந்தியாவில் முதலில் திரையிட்டது 1993 ஜனவரி, டெல்லியில் நடந்த 24-வது சர்வதேசத் திரைப்பட விழாவில். ஜப்பானில் தியேட்டருக்கு வந்தது 1997. அப்புறம் 4கே தரத்துக்கு மாற்றி 2025 ஜனவரி 24 அன்று இந்தி, தமிழ், தெலுங்கு, ஆங்கிலத்தில் இங்கே வெளியிட்டார்கள். அதைப் பார்த்தவர்கள்தான் புதுப்படம் என்கிறார்கள்.

ஆரம்பம் யூகோ சாகோ என்ற ஜப்பானியர். 1983-இல், தொல்லியல் அறிஞர் பி.பி. லால் நடத்திய ராமாயணத் தல அகழாய்வுகள் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவர். அந்த வேலையில்தான் ராமாயணம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த பத்து வடிவங்களை வாசித்திருக்கிறார். ராமர் தெய்வம், தெய்வத்துக்கு ஒரு நடிகரின் முகத்தைக் கொடுப்பதைவிட வரைந்து காட்டுவதே பொருத்தம் என்பது அவர் எண்ணம். படத்தின் முதல் முடிவும் பெரிய முடிவும் அதுதான்.

இந்தியாவோடு கூட்டுத் தயாரிப்பாகச் செய்ய முயன்றார். உணர்வோடு கலந்த கதையைக் கார்ட்டூனாக்குவதா என்று இங்கே அரசு தயங்கியது, சம்மதம் கிடைக்கவில்லை. அதனால் தயாரிப்பு முழுவதையும் ஜப்பானில் வைத்துக்கொண்டார்கள். செலவு 80 கோடி யென் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு.

தங்கச்சிமடம் பென்சில்

அண்ணே, இயக்குநர் ராம் மோகன்தானே? இந்திய அனிமேஷனின் தந்தை என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே.

உச்சிப்புளி ரீல்

அவர் மட்டும் இல்லை தம்பி. யூகோ சாகோ, கொய்ச்சி சசாகி, ராம் மோகன், மூன்று பேர் பெயரும் இயக்கத்தில் வரும். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மூன்றையும் சொல்லுங்கள் டீச்சர். ஒரு பெயரை விட்டாலும் படம் எப்படி உருவானது என்பதே புரியாமல் போய்விடும்.

ராம் மோகன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். 1956-இல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அப்போது அங்கே பயிற்சி கொடுக்க வந்தவர் கிளேர் வீக்ஸ், டிஸ்னியில் 'ஸ்னோ ஒயிட்', 'பாம்பி' படங்களில் வேலை பார்த்தவர், பிறந்தது இந்தியாவில். ஆக டிஸ்னி முறையில் கை பழகிய ஓர் இந்தியர், முப்பது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு ஜப்பானிய முறையில் வரைகிறவர்களோடு உட்கார்ந்தார். இரண்டு பள்ளிகளும் ஒரே மேசையில் சந்தித்தது இந்தப் படத்தில்தான் என்று சொல்வேன். ஓவிய பாணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரவிவர்மாவையும் ஜப்பானிய மங்கா ஓவியர் ஒசாமு தெசூகாவையும் சேர்த்துச் சொல்வது இதனால்தான். நகை, உடை, நிற்கும் பாங்கு ரவிவர்மா பக்கம். கண், முகத்தின் எளிமை தெசூகா பக்கம்.

சுமார் 450 கலைஞர்கள் உழைத்தார்கள். இந்தியக் கலைஞர்கள் ஜப்பானியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவை எவை தெரியுமா? வேட்டி எப்படிக் கட்டுவது, பிள்ளைகள் பெரியவர்களிடம் எப்படி ஆசி வாங்குவது, இப்படிப்பட்டவை. சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் காலில் விழுகிற பிள்ளையின் முதுகு வளைவு தப்பினால் நம் வீட்டுப் பாட்டி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அந்தத் திருத்தங்களைப் பென்சில் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும். செல்லில், அதாவது அடியில் இருப்பது தெரியும் பிளாஸ்டிக் தாளில், மையும் பெயின்டும் ஏறிவிட்டால் திருத்தம் கிடையாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத்தான் வரைய வேண்டும்.

கீழக்கரை லைட்பாக்ஸ்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லோருக்கும். டீச்சர் எத்தனை படம் என்று கேட்டார்கள். முதலில் பெரிய படத்தின் கணக்கைப் பார்த்தால் சின்னப் படத்தின் கணக்கு தானாக வரும்.

படம் 135 நிமிடம். விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது திரையில் 24 தனித்தனிக் காட்சி, என்றால் 1,94,400 ஃப்ரேம். செல் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சம் என்கிறார்கள். விநாடிக்குச் சராசரி 12 செல்தான். அதே காலத்து ஜப்பானிய அனிமேஷன் படம் 'அகிரா' 124 நிமிடத்துக்கு 1,60,000 செல்லுக்கு மேல் வாங்கியது, விநாடிக்கு 21-க்கும் அதிகம். ஒரு ஃப்ரேமில் பெரும்பாலும் இரண்டு மூன்று செல் அடுக்கி வைப்பார்கள், ராமருக்கு ஒன்று, லட்சுமணருக்கு ஒன்று, முன்னால் கிளைக்கு ஒன்று என்று. அப்படி அடுக்கியும் சராசரி 12-தான் என்றால், ஏகப்பட்ட இடத்தில் படம் அசையாமல் நிற்கிறது, கேமரா மட்டும் நகர்கிறது, அல்லது ஒரே சுழற்சி திரும்பத் திரும்ப ஓடுகிறது என்று அர்த்தம்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கே நிறுத்துவது, எங்கே கொட்டுவது என்று தெரிந்து செலவு செய்திருக்கிறார்கள். சபைக் காட்சிகளில் ஆட்கள் சிலைபோல் நிற்பதைக் கவனியுங்கள். அங்கே மிச்சம் பிடித்ததெல்லாம் போர்க்களத்துக்கும் கடலுக்கும் போயிருக்கிறது.

உங்கள் 40 விநாடி 960 ஃப்ரேம். இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் வைத்தால் 480. இருபது பிள்ளைகளுக்கு அது அதிகம், பாதியில் கை சலித்துவிடும். 180 படத்துக்குள் முடிக்கலாம். ஷாட் பட்டியலைப் போடுங்கள், பிரித்துத் தருகிறேன்.

தேவிபட்டினம் டீச்சர்

லைட்பாக்ஸ் காக்கா, ரொம்ப நன்றி. பிள்ளைகள் போட்ட பட்டியல் இது. முதல் ஷாட், கடற்கரை, தூரத்தில் வானரங்கள் கல் போடுகின்றன, 8 விநாடி. பிறகு அணில் பார்க்கிறது, 4. கடலில் குளிக்கிறது, 6. மணலில் புரள்கிறது, 7. பாலத்துக்கு ஓடுகிறது, 6. உடலைச் சிலிர்த்து மணலை உதிர்க்கிறது, 5. ராமர் முதுகில் தடவுகிறார், 4.

இந்த அணில் கதை வால்மீகியில் இல்லை என்கிறார்களே, பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்வது?

உச்சிப்புளி ரீல்

தமிழிலேயே பழைய சான்று இருக்கிறது. தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் பாடுகிறார். குரங்குகள் மலையை உருட்ட, அணில் 'குளித்துத் தாம் புரண்டிட்டோடி' கடலை அடைக்கப் பார்த்தது என்று. டீச்சர், அந்த மூன்று சொல்லைப் பாருங்கள். குளித்து, புரண்டு, ஓடி. உங்கள் பிள்ளைகளின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஷாட் அப்படியே அதில் இருக்கிறது. ஆழ்வார் வினைச்சொல்லை வரிசைப்படுத்திய மாதிரிதான் ஓர் அனிமேட்டரும் கீ டிராயிங், அதாவது அசைவின் முக்கிய நிலைகளை, முதலில் போடுவார்.

வானரங்கள் பக்கத்துக்கு வால்மீகி உதவுவார். வானரச் சிற்பி நளன் ஐந்து நாளில் நூறு யோசனை தூரம் கட்டினான். முதல் நாள் 14, அடுத்து 20, 21, 22, 23. ஒவ்வொரு நாளும் வேகம் கூடுகிறது. என்றைக்காவது இதைப் பெரிய படமாகச் செய்தால், ஐந்து நாளை ஐந்து ஷாட்டாக்கி ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினால் வேலை சூடு பிடிப்பது பார்க்கிறவருக்குச் சொல்லாமலே தெரியும்.

பாம்பன் வாடைக்காற்று

முதல் ஷாட்டில் எந்தக் கடல்? இதை முடிவு செய்யாமல் பென்சிலைத் தொடாதீர்கள்.

தேவிபட்டினத்துப் பிள்ளைகள் தினமும் பார்ப்பது பாக் நீரிணைப் பக்கத்துப் பெண்கடல். நவபாஷாணக் கோயிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் குளம்போல் கிடக்கும். அதையே வரைவார்கள். சேதுக்கரைப் பக்கம் போனால் மன்னார் வளைகுடா, ஆண்கடல். அதன் அலை வேறு, நிறம் வேறு. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கிழக்கே இலங்கையைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் பெண்கடல், வலது கைப் பக்கம் ஆண்கடல். வானரங்கள் நடுவில் கல் போட்டுக்கொண்டே போகின்றன. உலகத்தில் எந்த ஸ்டுடியோக்காரருக்கும் கிடைக்காத ஃப்ரேம் இது, நம் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை வரையச் சொல்லுங்கள்.

மாதத்தையும் முடிவு செய்யுங்கள். ஆனி, ஆடியில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை விழுந்தால் பெண்கடல்தான் புரளும், கலங்கிப் பழுப்பாகவும் இருக்கும். ஆடி என்று வைத்துக்கொண்டால் இடது பக்கம் வெளிர் பச்சை, கரையோரம் பாலேறிய மாதிரி. வலது பக்கம் அடர் நீலம், நுரை வெள்ளை. கரையில் தென்னந்தோப்பு போட வேண்டாம். பனை, உடைமரம், தாழை, வெண்மணல். சவுக்கும் வேண்டாம், அது பின்னாளில் வெளியிலிருந்து வந்த மரம்.

தங்கச்சிமடம் பென்சில்

இரண்டு அலை என்றால் இரண்டு மடங்கு வேலை இல்லையா அண்ணே?

கீழக்கரை லைட்பாக்ஸ்

இல்லை தம்பி, சுழற்சிதான். கடைசிப் படம் முதல் படத்தோடு சேரும்படி வரைந்து ஓடவிடுவது. பெண்கடலுக்கு 12 படம், படத்துக்கு 3 ஃப்ரேம். 36 ஃப்ரேம், ஒன்றரை விநாடியில் ஒரு சுற்று. கரையை நக்கிப் போகிற சிற்றலைக்கு அது சரி. ஆண்கடலுக்கு 16 படம், படத்துக்கு 4 ஃப்ரேம். 64 ஃப்ரேம், இரண்டே முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவு. 36-உம் 64-உம் மறுபடி ஒன்றாகத் தொடங்க 576 ஃப்ரேம், 24 விநாடி ஆகும். ஷாட்டோ 8 விநாடிதான். ஆகவே ஒரே மாதிரி இரண்டு முறை வராது, கண்ணுக்குச் சுழற்சி என்றே தெரியாது.

சுழற்சியில் வழக்கமாக வரும் தப்பு: ஒவ்வொரு படத்திலும் நுரையைப் புதிதாகக் கற்பனை செய்து வரைவது. அப்படிச் செய்தால் அலை நகராது, கொதிக்கும். ஒரு நுரைத்துண்டைப் பிடித்துக்கொண்டு 1-ஆம் படத்திலிருந்து 12-ஆம் படம் வரை அது எங்கே போகிறது என்று முதலில் வரைய வேண்டும். பிறகு அடுத்த துண்டு. அலை ஏறும்போது படங்களுக்கிடையே இடைவெளி அதிகம், உச்சியில் நெருக்கம், பின்வாங்கும்போது மெல்ல விரியும். சமமான இடைவெளி விட்டால் தொட்டில் ஆடுகிற மாதிரி இருக்கும், கடலாக இருக்காது.

கல் விழும் தெறிப்புதான் பலர் கெடுக்கும் இடம். எவ்வளவு உயரம் தெறிக்கிறது என்பதுதான் எத்தனை ஃப்ரேம் என்பதைத் தீர்மானிக்கும். தண்ணீர் 1.25 மீட்டர் எழும்ப அரை விநாடி, 12 ஃப்ரேம். விழ இன்னொரு 12. 5 மீட்டர் எழும்ப 24, விழ 24. 20 மீட்டர் என்றால் 48, 48. உயரம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு. மலை விழுந்த மாதிரி வரைந்துவிட்டு 24 ஃப்ரேமுக்குள் முடித்தால், அது வாளியில் விழுந்த கூழாங்கல்தான். படத்தை எவ்வளவு அழகாக வரைந்தாலும் காப்பாற்ற முடியாது. பெரிய படத்தின் பாலக் காட்சியைப் போடும்போது பிள்ளைகளை நீர் எழும்பி விழும் வரை வாயால் எண்ணச் சொல்லுங்கள், கல்லின் கனம் காலத்தில் இருக்கிறது என்று புரியும்.

உங்கள் ஷாட்டுக்கு 5 மீட்டர் போதும். மொத்தம் 48 ஃப்ரேம், இரண்டுக்கு ஒன்றாக 24 படம்.

வானரங்களுக்கு இரண்டே நடைச் சுழற்சி போதும், ஒவ்வொன்றும் 8 படம். ஒன்று சும்மா நடப்பது, ஒரு காலடிக்கு 12 ஃப்ரேம். இன்னொன்று கல் சுமந்தது, காலடிக்கு 16, இடுப்பு தாழ்ந்து, தலை முன்தள்ளி. கல் சுமந்த நடைக்கு ஒரு படத்தை 4 ஃப்ரேம் நிறுத்தினால் 8 படத்தில் இரண்டு காலடி வரும். சும்மா நடைக்கு 3 ஃப்ரேம். அந்த இரண்டையும் அளவு மாற்றி, தொடக்கத்தை மாற்றி, பத்துப் பதினைந்து வானரமாக அடுக்கலாம். எல்லாமே ஒரே காலைத் தூக்கினால் அணிவகுப்பாகிவிடும். ஒன்றை 3-ஆம் படத்திலிருந்து, இன்னொன்றை 6-ஆம் படத்திலிருந்து தொடங்குங்கள்.

தேவிபட்டினம் டீச்சர்

புரிகிறது காக்கா. அணிலுக்குப் பிள்ளைகள் இப்போதே மாதிரிப் படம் வரைந்துவிட்டார்கள். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், மூன்று கோடுகளோடு நன்றாக வந்திருக்கிறது. அதை வைத்தே தொடங்கலாமா?

பாம்பன் வாடைக்காற்று

டீச்சர், மூன்று கோடா? ராமர் தடவிய பிறகுதானே கோடு வருகிறது! முதல் ஆறு ஷாட்டிலும் கோடு இருக்கக் கூடாது.

உச்சிப்புளி ரீல்

நல்லவேளை, பென்சில் கட்டத்திலேயே பிடித்தீர்கள். இந்த மாதிரித் திருத்தத்தைத்தான் மேலே சொன்னேன். ஜப்பானில் வேட்டிக்கு நடந்தது நம் ஊரில் அணில் முதுகுக்கு நடக்கிறது.

டீச்சர், மாதிரித் தாள் இரண்டு செய்யுங்கள். கோடில்லாத அணில், கோடுள்ள அணில். கடைசி ஷாட்டில் விரல் நகர நகரத்தான் கோடு தெரிய வேண்டும். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல், மூன்றும் கழுத்திலிருந்து வால் பக்கம் போகும். ராமரின் முகம் வேண்டாம் என்பது என் கருத்து. கை மட்டும் போதும். யூகோ சாகோ நடிகரே வேண்டாம் என்று முடிவெடுத்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முகம் ஒரே மாதிரி 20 படம் வராது, ஒவ்வொருவர் கையிலும் வேறு ராமர் வந்துவிடுவார். நீல நிறக் கை, மணிக்கட்டில் மரவுரியின் ஓரம். வனவாசத்தில் இருக்கிறார், கங்கணம் போட்டுவிட வேண்டாம்.

தங்கச்சிமடம் பென்சில்

நனைந்த அணிலைப் பார்த்தால் வால் பென்சில் மாதிரி ஒல்லியாகிவிடும். அதையும் மாதிரித் தாளில் சேர்க்கலாம். உலர்ந்த வால் ஓர் அளவு, நனைந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு, மணல் ஒட்டியது முதல் அளவைவிடத் தடிமன். வாலைப் பார்த்தே கதை தெரியும். அணில் வெயிலில் நிற்கிறதா, தண்ணீரில் இருந்து வந்ததா, மணலில் புரண்டதா என்று.

சிலிர்க்கும் ஷாட் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் வைத்துச் சோதனை செய்தால் நடுக்கமாகத் தெரியவில்லை, தள்ளாடுகிற மாதிரி இருக்கிறது.

கீழக்கரை லைட்பாக்ஸ்

சரியாகப் பிடித்தீர்கள். சிலிர்ப்புக்கு மட்டும் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு படம். இடக்கோடி, நடு, வலக்கோடி, நடு, நான்கு படம், அதைச் சுழற்றுங்கள். மூக்கிலிருந்து தொடங்கி வாலில் முடிய வேண்டும், தலை நிற்கும்போது வால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். அதற்கு ஆறு படம் தனியாக. சிலிர்ப்பு ஒரு விநாடிக்கு மேல் வேண்டாம், மீதி நேரம் மணல் உதிர்வது. மணல் துகளைத் தனித்தாளில் புள்ளிகளாக நான்கு படம், அதுவும் சுழற்சி. இதனால்தான் மென்பொருளில் வேகத்தை முதல் நாளே 24 என்று வையுங்கள். 12 என்று வைத்துவிட்டால் ஒரு ஃப்ரேம் படத்துக்கு இடமே இருக்காது, பின்னால் மாற்றினால் எல்லா ஷாட்டும் குழம்பும்.

இப்போது கணக்கு. முதல் ஷாட்: பெண்கடல் 12, தெறிப்பு 24, வானரம் 16, 52 படம். பார்வை 10. குளியல் 30. புரளல் 36. ஓட்டம் 10, அதில் ஓட்டச் சுழற்சி 6, நிற்பதற்கு 4. சிலிர்ப்பு 14. தடவல் 22. மொத்தம் 174, பிள்ளைக்கு ஒன்பதுக்கும் குறைவு.

புரளலுக்கு 36 கொடுத்ததற்குக் காரணம் உண்டு. படத்தின் உயிர் அங்கேதான். அணில் புரளும்போது வயிறு தெரியும், நான்கு கால் மேலே வரும், வால் சுற்றும். இதை மட்டும் நன்றாக வரையும் இரண்டு பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒரே செயலைப் பத்துப் பேருக்குப் பிரித்தால் அணில் உருவமே மாறி மாறி வரும்.

தேவிபட்டினம் டீச்சர்

பொருள்கள் என்ன வாங்க வேண்டும்? பட்ஜெட் சின்னது.

கீழக்கரை லைட்பாக்ஸ்

ஏ4 தாள், 75 அல்லது 80 ஜிஎஸ்எம், ஒரு கட்டு. அதைவிடத் தடிமன் வேண்டாம், அடியில் உள்ள கோடு தெரியாது. தொழில் முறைத் துளைக்கருவி விலை அதிகம். ஆபீஸில் ஃபைலுக்குத் துளைபோடும் இரட்டைத் துளைக் கருவி போதும். துளை 6 மில்லிமீட்டர், நடுவுக்கு நடு 80 மில்லிமீட்டர். ஒரு எஃகு ஸ்கேலில் அதே 80 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கட்டை ஆணிகளை ஒட்டுங்கள், 6-க்குச் சற்றுக் குறைந்த தடிமனில். அதுதான் பெக் பார், தாள்களைத் துளையில் மாட்டி ஒரே இடத்தில் நிறுத்தும் பட்டை. பத்துப் பேருக்குப் பத்துச் செய்தால் எல்லாவற்றையும் ஒரே துளைத்தாளை வைத்துச் சரிபாருங்கள். அரை மில்லிமீட்டர் தள்ளினால்கூட திரையில் பின்னணி குதிக்கும். துளை போடும்போது ஐந்து தாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம், அடித்தாளில் துளை சாயும்.

அடித்தாளின் கோடு தெரிய வெளிச்சம் கொடுக்கும் லைட்பாக்ஸுக்கு 5 மில்லிமீட்டர் பால்நிற அக்ரிலிக், அடியில் எல்இடி பட்டை. முதல் வரைவுக்கு வெளிர் நீலப் பென்சில், இறுதிக் கோட்டுக்கு 2பி.

பாம்பன் வாடைக்காற்று

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நம் கரையில் காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. தாள் ஈரத்தை இழுத்துப் பெருத்துவிடும். காலையில் வரைந்த படமும் மத்தியானம் வரைந்த படமும் துளையில் ஒரே இடத்தில் உட்கார்ந்தாலும் ஓரத்தில் பொருந்தாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், வரையும் தாளை மட்டும் எடுங்கள். படம் பிடிப்பதையும் ஒரே நாளில், ஜன்னல் சாத்தி, ஃபேன் நிறுத்தி முடித்துவிடுங்கள்.

கீழக்கரை லைட்பாக்ஸ்

உண்மை. படம் பிடிக்க ஒரு செல்போன், போன் கீழ்நோக்கிப் பார்க்கும்படி ஒரு ஸ்டாண்ட். வெளிச்சம், ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டுங்கள். தானாக மாறவிட்டால் ஒவ்வொரு தாளுக்கும் வெளிச்சம் மாறி, ஓடவிட்டால் மினுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வையுங்கள். தாளை அழுத்த 4 மில்லிமீட்டர் கண்ணாடி. விளக்கு இரண்டும் பக்கத்திலிருந்து 45 பாகையில் விழட்டும், நேர் மேலிருந்து வேண்டாம். போனைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் போனின் நிழலுருவம் எல்லா ஃப்ரேமிலும் இருக்கும். செல் காலத்து ஸ்டுடியோக்களிலும் பெரிய எதிரி தூசியும் கண்ணாடிப் பளபளப்பும்தான்.

நிறத்தைக் கணினியில் போடலாம். ஓப்பன்டூன்ஸ் இலவசம், ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் ஸ்டுடியோவில் புழங்கிய டூன்ஸ் மென்பொருளின் வழி வந்தது, 2016-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கோட்டில் சின்ன இடைவெளி இருந்தாலும் நிறம் வழிந்துவிடும், ஆகவே 2பி கோட்டை மூடி வரையப் பழக்குங்கள்.

செல்லில் இன்னொரு சிக்கல் இருந்தது. செல் முழுத் தெளிவு கிடையாது. மேலே இரண்டு மூன்று அடுக்கு ஏறினால் அடியில் உள்ள நிறம் மங்கும். அதே பாத்திரம் ஒரு ஷாட்டில் மேலடுக்கிலும் அடுத்ததில் கீழடுக்கிலும் வந்தால், கீழுள்ளதற்குச் சற்றுப் பிரகாசமான பெயின்டைக் கலந்து ஈடு செய்ய வேண்டும். கணினியில் அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

தொண்டி ஒலி

பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. படத்துக்கு இசை வன்ராஜ் பாட்டியா. லண்டனிலும், பாரிஸில் நாடியா பூலான்ஜேயிடமும் மேற்கத்திய இசை படித்தவர், ஷியாம் பெனகலின் படங்களுக்கு இசையமைத்தவர். பாட்டுகளை வசந்த் தேவ் எழுதினார், சமஸ்கிருதத்தில். இந்திப் பதிப்பில் பாட்டுகள் இந்தியில் இருக்கும், ஆனால் மூலத்துக்கு ஜப்பானியர், இந்தியர், ஆங்கிலப் பதிப்பு பார்ப்பவர், யாருக்குமே அன்றாட மொழி இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த முடிவு இதுதான். குரல்களைப் பொறுத்தவரை இந்தியில் ராமருக்கு அருண் கோவில், ராவணனுக்கு அம்ரிஷ் புரி, கதைசொல்லியாக சத்ருகன் சின்ஹா.

டீச்சர், வேறு யார் பாட்டையும் எடுக்க வேண்டாம். வானரங்கள் கல் இழுக்கும் இடத்துக்கு நம் கரையின் அம்பாப் பாட்டு இருக்கிறதே, வலை இழுக்கும்போது ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஏற்றுச் சொல்வது. ஊர்ப் பெரியவர் ஒருவரை அனுமதி கேட்டுப் பாடச் சொல்லிப் போனில் பதியுங்கள். ஆனால் வரைவதற்கு முன்பே பதிய வேண்டும். நிமிடத்துக்கு 72 தட்டு என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 20 ஃப்ரேம். எக்ஸ்போஷர் ஷீட்டில், அதாவது எந்த ஃப்ரேமுக்கு எந்தப் படம் என்று எழுதும் அட்டவணையில், 20-க்கு ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். கல் தண்ணீரைத் தொடும் ஃப்ரேம் சிவப்புக் கோட்டில் விழட்டும். ஓசை ஒரு ஃப்ரேம் பிந்தினால் கண் மன்னிக்கும், ஓசை முந்தினால் உடனே தெரியும்.

கீழக்கரை லைட்பாக்ஸ்

அருமையான யோசனை. அப்படியானால் கல் சுமந்த நடையை 16-இலிருந்து காலடிக்கு 20 ஃப்ரேமாக மாற்றுங்கள், ஒரு படத்துக்கு 5 ஃப்ரேம். பாட்டோடு கால் சேரும், கனமும் கூடும். வரையும் எண்ணிக்கை அதே 8-தான்.

தங்கச்சிமடம் பென்சில்

காக்கா, 174 கணக்கில் ஆண்கடல் விட்டுப்போச்சு. அதற்கு 16 படம் சொன்னீர்கள்.

கீழக்கரை லைட்பாக்ஸ்

ஆமாம் தம்பி, விட்டுவிட்டேன். முதல் ஷாட் 68. மொத்தம் 190, பிள்ளைக்கு ஒன்பது பத்து. டீச்சர், மேலே உள்ளதை அடித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினம் டீச்சர்

திருத்திக்கொண்டேன், 190. கோடில்லாத அணிலை இன்று மூன்று பிள்ளைகள் மறுபடி வரைந்தார்கள், நனைந்த வாலோடு. சனிக்கிழமை அரிச்சல்முனைக்குக் கூட்டிப்போய் இரண்டு பக்க அலையையும் எண்ண வைக்கிறோம், எத்தனை விநாடிக்கு ஓர் அலை என்று. காக்கா சொன்ன 36-உம் 64-உம் அந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு எக்ஸ்போஷர் ஷீட்டை இங்கே ஏற்றுகிறேன். வாடைக்காற்று அண்ணே, எந்த நேரத்தில் போனால் இரண்டு பக்கமும் நன்றாகத் தெரியும்?

பாம்பன் வாடைக்காற்று

காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் தண்ணீர் மின்னி நிறம் தெரியாது, காற்றும் எழும்பிவிடும். முனையில் நீரோட்டம் இழுக்கும், மணலும் காலடியில் சரியும். பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். சாலை முடியும் இடத்துச் சுற்றுச்சுவர் பக்கம் நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள், அங்கிருந்தே இரண்டு கடலும் தெரியும்.